ஹோரோவிட்ஸ்: என் மகளின் பெயரில் இருக்கும் ஊர்

என் மகளுக்கு இனிஷியல் கிடையாது. மதுரையில் இருக்கும் என் அம்மாவுக்கு இது இன்றைக்கும் ஒரு குறை. பிறந்ததும் போனில் கேட்ட முதல் கேள்வியே, "அப்பன் பேரு எங்கடி?" என்பதுதான். பெயருக்குப் பின்னால் ஹோரோவிட்ஸ் என்று வருகிறதே, அதுதான் குடும்பப் பெயர் என்றேன். "அது ஆளு பேரா, ஊரு பேரா?" என்று அம்மா கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கல்யாணமாகி நாலு வருடம் ஆகியிருந்தது. நியூ ஜெர்சியில் அந்தப் பெயர் போட்ட தபால்பெட்டியை தினமும் திறந்துகொண்டிருந்தேன். ஆனால் அது என்ன பெயர் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அப்படித்தான் தேட ஆரம்பித்தேன். முடிக்க ஏழு வருடம் ஆனது. இதே மாதிரி ஒரு யூதக் குடும்பப் பெயரைத் தேடுகிறவர்களுக்கு உதவும் என்பதற்காக, தவறிய இடங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் என் மாமனாரிடம் கேட்டேன். அவரை நான் மாமா என்றே கூப்பிடுகிறேன், அவருக்கும் அது பழகிவிட்டது. அவர் சொன்னது மூன்று விஷயம். அவருடைய தாத்தா ஆஸ்திரியாவிலிருந்து கப்பலில் வந்தார். பெயர் வேறு ஏதோவாக இருந்ததை, குடியேற வந்தவர்களைச் சோதித்து உள்ளே விட்ட நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் அதிகாரி மாற்றி எழுதிவிட்டார். ஹோரோவிட்ஸ்கள் எல்லோரும் லேவியர்கள், எருசலேம் கோயிலில் ஊழியம் செய்த குலம், அதனால் நாமும் லேவியர்கள். இந்த மூன்றையும் அவர் நம்பிக்கையோடுதான் சொன்னார். அவருடைய அப்பா இளவயதிலேயே இறந்துபோனதால் வீட்டில் மிஞ்சிய கதையே அவ்வளவுதான்.

அம்மாவின் கேள்விக்குப் பதில் சீக்கிரமே கிடைத்துவிட்டது. ஊர்தான். செக் நாட்டில், பிராகிலிருந்து தென்மேற்கே சுமார் 50 கிலோமீட்டரில் ஹொர்ஷொவிட்ஸெ என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அதில் வரும் ரகரம் செக்காரர்களுக்கே உரியது, ர-வும் ஷ-வும் ஒன்றாக நாக்கில் உருளும். நம் ழகரம் மாதிரி, வெளியாட்களுக்கு லேசில் வராது. அதனால் வெளியே போகப் போக அந்த ஒலி உதிர்ந்து, ஹோரோவிட்ஸ் என்று நின்றுவிட்டது. அந்த ஊரிலிருந்து பிராகுக்குக் குடிபெயர்ந்த ஒரு லேவியர் குடும்பம் ஊர்ப்பெயரைத் தன் பெயரோடு வைத்துக்கொண்டது. அந்தக் குடும்பத்தின் ஆரோன் மெஷுல்லாம் ஹோரோவிட்ஸ் 1535-இல் பிராகில் கட்டியதுதான் பின்காஸ் ஜெபாலயம். அது இன்றும் இருக்கிறது.

இது எவ்வளவு பழைய பெயர் என்பது யூதப் பெயர்களின் வரலாறு தெரிந்தால்தான் புரியும். அஷ்கெனாசி என்று சொல்லப்படும் மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பெரும்பாலோருக்கு 18-ஆம் நூற்றாண்டின் கடைசி வரை நிரந்தரக் குடும்பப் பெயரே கிடையாது. இன்னாரின் மகன் இன்னார், அவ்வளவுதான். ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர் இரண்டாம் யோசேப்பு 1787-இல் ஆணை போட்டு, 1788 முதல் தன் ஆட்சிக்குட்பட்ட யூதர்கள் எல்லோருக்கும் நிலையான பெயர் வேண்டும் என்றார். பிரான்சில் நெப்போலியன் 1808-இல் செய்தார், பிரஷ்யாவில் 1812-இல் வந்தது. வரி வாங்கவும் படைக்கு ஆள் எடுக்கவும் அரசாங்கத்துக்குப் பெயர் தேவைப்பட்டது. ஆனால் ஹோரோவிட்ஸ் இந்த ஆணைகளுக்கெல்லாம் இருநூறு, முந்நூறு வருடம் முந்திய பெயர். அதனால்தான் அதை வைத்திருப்பவர்களுக்கு அத்தனை பெருமை.

பெயர் பிராகிலேயே தங்கவில்லை. ரபிகள், அதாவது யூத மதகுருக்கள், வேலை கிடைத்த ஊருக்குப் போனார்கள். ஏசாயா ஹோரோவிட்ஸ் என்ற பெரிய ரபி, தன் நூலின் முதலெழுத்துகளால் ஷெலா என்றே அறியப்படுகிறவர், பிராகில் பிறந்து, போலந்து ஊர்களில் பணியாற்றி, பிராங்பர்ட்டுக்குப் போனார். 1614-இல் அங்கே கலவரம் நடந்து யூதர்களை விரட்டியபோது பிராகுக்குத் திரும்பினார். 1621-இல் எருசலேம் போய், 1630-இல் திபேரியாவில் இறந்தார். அப்புறம் சட்டமே ஆட்களை வெளியே தள்ளியது. 1726-இல் பேரரசர் ஆறாம் சார்லஸ் போட்ட சட்டப்படி, பிராக் இருக்கும் பொஹிமியா பகுதியில் 8,541 யூதக் குடும்பங்களுக்கு மேல் இருக்கக்கூடாது, ஒரு வீட்டில் மூத்த மகன் மட்டுமே கல்யாணம் செய்துகொள்ளலாம். கல்யாணம் ஆகவேண்டுமென்றால் இளைய மகன்கள் ஊரை விட்டுத்தான் போகவேண்டும், போலந்துக்கோ ஹங்கேரிக்கோ. 1744-இல் அவருடைய மகள், அரசி மரியா தெரேசா பிராக் யூதர்களையே வெளியேற்றினார். நாலு வருடம் கழித்துத்தான் திரும்ப விட்டார்கள்.

போன இடமெல்லாம் பெயர் மாறியது. எபிரேய எழுத்தில் இந்தப் பெயரில் வரும் வாவ் என்ற எழுத்தை ஓ என்றும் படிக்கலாம், ஊ என்றும் படிக்கலாம். நம் ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காத எழுத்தை இடம்பார்த்துப் படிக்கவேண்டியிருக்குமே, அது மாதிரி. அதனால் ஒரே எழுத்துக்கோவை ஓரிடத்தில் ஹோரோவிட்ஸ், லிதுவேனியா பக்கம் ஹூர்விட்ஸ். ரஷ்ய மொழியில் ஹ கிடையாது, அந்த இடத்தில் க வந்து உட்காரும். அதனால் குர்விட்ஸ், குரேவிச். நம் விமானப்படை அறுபது வருடத்துக்கு மேல் ஓட்டிய மிக்-21 எல்லோருக்கும் தெரியும். அதில் 'மி' மிகோயான், 'க்' குரேவிச். பொஹிமியாவின் ஒரு சின்ன ஊர்ப்பெயர் அந்த ஒற்றை எழுத்தில் ஒளிந்திருக்கிறது என்று தெரிந்த அன்று அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

எழுத்துக் கூட்டலைப் பிடித்துக்கொண்டு தேடினால் பாதிப் பேரை விட்டுவிடுவோம் என்பது எனக்கு இங்கேதான் புரிந்தது. இதற்காகவே ராண்டி டெய்ச், கேரி மொகோடாஃப் என்ற இருவர் 1985-இல் ஒலியை எண்ணாக மாற்றும் ஒரு முறை செய்தார்கள். அதில் சொல்லின் தொடக்கத்தில் வரும் ஹ-வுக்கும் க-வுக்கும் ஒரே எண், 5. ஹோரோவிட்ஸ், ஹூர்விட்ஸ், குர்விட்ஸ் மூன்றுக்குமே 597400 என்றுதான் வரும். ஜூயிஷ்ஜென், ஜே.ஆர்.ஐ. போலந்து போன்ற யூத வம்சாவளித் தளங்களில் தேடும்போது "ஒலிப்படி தேடு" என்ற வசதியைப் போட்டுவிட்டுத் தேடுங்கள். நான் முதல் ஆறு மாதம் அதைத் தொடவே இல்லை.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று செய்தேன். ஒரு கட்டண இணையத்தளத்தில் மாமாவின் தாத்தா பெயரைப் போட்டதும், நேராக ஷெலா வரை போகும் ஒரு வம்ச மரம் வந்து நின்றது. யாரோ போட்டது, ஐம்பது பேர் நகல் எடுத்தது. நடுவில் எந்த ஆவணமும் இல்லை. மாமாவின் 75-வது பிறந்தநாளுக்கு அதை அச்சடித்து, சட்டம் போட்டுக் கொடுத்தேன். அவர் கண் கலங்கிவிட்டார். ஹாலில் மாட்டினார். வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. தெரிந்த ஆளிலிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னால் போகவேண்டும். புகழ்பெற்ற ஒருவரிலிருந்து கீழே இறங்கி வரக்கூடாது. டி.என்.ஏ. பரிசோதனையும் இதற்குக் கைகொடுக்கவில்லை. பல நூற்றாண்டுகள் தங்களுக்குள்ளேயே மணமுடித்த சமூகம் என்பதால், பார்க்கிற ஆளெல்லாம் நாலாம் தலைமுறை உறவு என்று காட்டும்.

சரி, படி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். எல்லிஸ் தீவின் பயணிகள் பட்டியல்கள் இலவசமாகவே பார்க்கக் கிடைக்கின்றன. தாத்தா 1909-இல் வந்தவர், வயது 21. பெயர் ஹோரோவிட்ஸ் என்றே இருந்தது, யாரும் மாற்றவில்லை. மாற்ற வாய்ப்பும் இல்லை. அந்தப் பட்டியலை எழுதியது எல்லிஸ் தீவு அதிகாரி அல்ல, கப்பல் கிளம்பிய துறைமுகத்தில் கப்பல் கம்பெனி எழுத்தர். தீவில் இருந்தவர்கள் அதை வைத்துக்கொண்டு சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெயர் மாற்றியவர்கள் பின்னால் குடியுரிமை வாங்கும்போதோ, வேலைக்குப் போகும்போதோ தாங்களே மாற்றிக்கொண்டார்கள். நம் வீட்டிலும் எல்லிஸ் தீவில் மாற்றினார்கள் என்று யாராவது சொன்னால், அந்தக் கதையை மரியாதையோடு ஓரமாக வைத்துவிட்டுப் பட்டியலைப் பாருங்கள்.

அந்தப் பட்டியலில் எல்லோரும் பெயர், வயது, ஊர் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். 1907-க்குப் பிறகு வந்த படிவத்தில் இன்னொரு கட்டம் உண்டு: புறப்பட்ட நாட்டில் இருக்கும் நெருங்கிய உறவினர் பெயரும் முகவரியும். தாத்தாவின் வரிசையில் அங்கே "தகப்பனார், காட்ஸ், ஸ்டானிஸ்லாவ்" என்று இருந்தது. மகன் ஹோரோவிட்ஸ், அப்பா எப்படி காட்ஸ்? எழுத்தர் வரிசை மாற்றி எழுதிவிட்டார் என்று முடிவு செய்தேன். அந்த முடிவால் இரண்டு வருடம் போனது.

ஸ்டானிஸ்லாவ் என்ற ஊரைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை. ஆஸ்திரியர்களுக்கு ஸ்டானிஸ்லாவ், போலந்துக்காரர்களுக்கு ஸ்டானிஸ்வாவூஃப், 1962 முதல் இவானோ-பிராங்கிவ்ஸ்க், இப்போது உக்ரைனில் இருக்கிறது. ஊர் நகரவே இல்லை, நாடுதான் அதன் மேல் மாறிக்கொண்டே இருந்தது. அங்கே பிறந்தவர்களின் பழைய பதிவேடுகளோ உக்ரைனில் இல்லாமல் வார்சாவில், அகாட் என்ற பழைய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஸ்டானிஸ்லாவ் இருந்தது கலிசியா என்ற பழைய ஆஸ்திரிய மாகாணத்தின் கிழக்குப் பகுதியில். அந்தப் பகுதியின் யூதப் பதிவேடுகளில் பெரும்பகுதி வார்சாவில்தான். உங்கள் ஊர் எந்த நாட்டில் இருக்கிறது என்பது ஒரு கேள்வி, அதன் காகிதங்கள் எந்த நாட்டில் இருக்கின்றன என்பது வேறு கேள்வி. இரண்டையும் தனித்தனியாகக் கேட்கவேண்டும்.

ஒருநாள் இரவு பதினொன்றரைக்கு அந்தப் பக்கம் திரையில் திறந்தது. 1888-ஆம் வருடப் பிறப்புப் பதிவேடு. இரண்டு பக்கமும் விரியும் பெரிய பேரேடு, ஜெர்மனிலும் போலிஷிலும் தலைப்புகள். பிறந்த தேதி, விருத்தசேதனம் நடந்த தேதி, ஆணா பெண்ணா, அப்புறம் ஒரு ஒடுக்கமான கட்டம்: முறைப்படி பிறந்த பிள்ளையா இல்லையா. அதில் "முறையற்ற" என்பதன் கீழ் பேனாவால் ஒரு கோடு. தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமை. தாயின் கட்டத்தில், ஹோரோவிட்ஸ், இன்னாரின் மணமாகாத மகள். குழந்தைக்கு அவள் பெயரே போடப்பட்டிருந்தது. மை பழுப்பாகியிருந்தது. அந்த வெற்றுக் கட்டத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரை ஏமாற்றிய எவனோ ஒருத்தன் அந்தப் பெண்ணை விட்டுவிட்டுப் போய்விட்டான் என்றுதான் நினைத்தேன். கோபமாக வந்தது.

மறுநாள் அடுத்தடுத்த பக்கங்களைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பாதிப் பேருக்கு அதே கோடு. ஒரு ஊரில் அத்தனை பேரா? அப்போதுதான் விஷயம் புரிந்தது. கலிசியாவில் பெரும்பாலான யூதத் தம்பதிகள் ரபி முன்னால் முறையாக மணமுடித்தவர்கள்தான். ஆனால் அரசாங்கத்தில் பதிவு செய்யப் பணம், அனுமதி, தொல்லை. அதனால் பதியாமல் விட்டுவிடுவார்கள். அரசாங்கத்தின் கண்ணில் அது கல்யாணமே இல்லை, பிள்ளைகள் தாயின் பெயரில்தான் பதிவாவார்கள். ஊரறிய, சாஸ்திரப்படி வாழ்ந்த ஒரு குடும்பத்தின் மேல் அந்தக் கோடு விழுந்திருக்கிறது. கலிசியாக் குடும்பம் என்றால் தாய்வழிப் பெயரையும் கட்டாயம் சேர்த்துத் தேடவேண்டும் என்பதை நான் யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன். பதிவேடுகளில் ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் போட்டு நடுவே ரெக்டே, ஃபால்சோ என்ற லத்தீன் சொற்கள் வருவதும் இதனால்தான். ரெக்டே என்றால் "சரியாகச் சொன்னால்", ஃபால்சோ என்றால் "தவறாக". எந்தப் பெயரையும் தள்ளிவிடாமல் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே ஊரில் காட்ஸ் என்று தேடினேன். 1897-இல் ஒரு பையன் பிறந்திருக்கிறான். தகப்பன் காட்ஸ், தாய் அதே ஹோரோவிட்ஸ் பெண், அவளுடைய அப்பா அம்மா பெயரும் அதேதான். இந்த முறை "முறைப்படி" என்று இருந்தது. நடுவில் எப்போதோ அவர்கள் பதிவுத் திருமணம் செய்திருக்கிறார்கள். அண்ணன் ஹோரோவிட்ஸ், தம்பி காட்ஸ். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

காட்ஸ் என்பது சாதாரணப் பெயர் இல்லை. கோஹென் செடெக் என்ற இரண்டு எபிரேயச் சொற்களின் சுருக்கம், நீதியுள்ள ஆசாரியன் என்று பொருள். அப்படியானால் மாமாவின் குடும்பம் லேவியர் இல்லை, மோசேயின் அண்ணன் ஆரோனின் வழிவந்த ஆசாரியர்கள், கோஹென்கள். குலம் தகப்பன் வழியில் போகும், பெயர் தாய் வழியில் வந்துவிட்டது. காகிதத்தை மட்டும் வைத்து இதை மாமாவிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. கல்லறையைப் பார்த்துவிடலாம் என்று மகளைக் கூட்டிக்கொண்டு நியூயார்க்கின் குயின்ஸ் பகுதிக்குப் போனேன்.

அங்கே பழைய யூதக் கல்லறைத் தோட்டங்களில் ஆட்கள் ஊர்வாரியாகப் படுத்திருக்கிறார்கள். ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் சங்கம் அமைத்து, சேர்த்து நிலம் வாங்கியிருக்கிறார்கள். தாத்தா இறந்தது 1961. கல்லின் மேல் ஆங்கிலத்தில் ஹோரோவிட்ஸ். அதற்கு மேலே, விரித்த இரண்டு கைகள், கட்டைவிரல்கள் தொட்டுக்கொண்டு, மற்ற விரல்கள் இரண்டிரண்டாகப் பிரிந்து. கல்யாணமான புதிதில் ஒருமுறை இந்தக் கல்லைப் பார்த்திருக்கிறேன், கும்பிடும் கை என்று நினைத்திருந்தேன். அது கோஹென்கள் சபையை ஆசீர்வதிக்கும்போது வைக்கும் கை. லேவியன் என்றால் அங்கே ஒரு நீர்க்குடுவை இருக்கும், கோஹெனின் கைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன் அவன். கீழே எபிரேய வரி. நான் அதற்கு ஒரு மாதம் முன்பு 22 எழுத்துகளையும் கற்றிருந்தேன், ஒரு வாரத்தில் வந்துவிடும், தேடுகிற எல்லோரும் கற்றுக்கொள்ளலாம். பாசி படிந்த இடத்தை ஈரத்துணியால் மட்டும் ஒற்றினேன், கம்பி பிரஷ்ஷோ சோப்போ போடக்கூடாது, கல் உரியும். மகள் விரலை வைத்துக் காட்ட, எழுத்துக் கூட்டிப் படித்தேன். இன்னாரின் மகன் இன்னார், ஹா-கோஹென்.

பட்டியலில் எழுத்தர் தவறாக எழுதவில்லை. நான்தான் அவரை நம்பவில்லை.

அன்று ராத்திரி, நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலைக்கான இஸ்ரேலின் நினைவகமான யாத் வாஷெம் தளத்தில் தேடினேன். இனப்படுகொலையில் இறந்தவர்களுக்காக, தப்பியவர்களும் உறவினர்களும் 1950-கள் முதல் கைப்பட நிரப்பிக் கொடுத்த சாட்சித் தாள்கள் அங்கே இருக்கின்றன, ஒருவருக்கு ஒரு தாள். பல வருடமாக அங்கே ஹோரோவிட்ஸ், ஸ்டானிஸ்லாவ் என்று தேடி, நம் ஆட்கள் யாரும் இல்லை என்று மாமாவிடம் சொல்லியிருந்தேன். காட்ஸ் என்று போட்டதும் வந்தது. 1897-இல் பிறந்தவர், தையல்காரர், பெற்றோர் பெயர் இரண்டும் பொருந்தின. மனைவிக்கு ஒரு தாள், மூன்று பிள்ளைகளுக்கு மூன்று. ஐந்தும் ஒரே கையெழுத்து, மனைவியின் தங்கை ஹைஃபாவிலிருந்து நிரப்பியது. இறந்த நாள் என்ற இடத்தில் அக்டோபர் 1941. அந்த மாதம் 12-ஆம் தேதி, ஸ்டானிஸ்லாவ் கல்லறைத் தோட்டத்தில் ஒரே நாளில் சுமார் 10,000 யூதர்களைச் சுட்டுக் கொன்றார்கள். கடைசிப் பிள்ளைக்கு வயது ஆறு. என் மகளுக்கு அப்போது ஏழு.

மாமாவிடம் சொல்லப் போனபோது, முதலில் அந்தச் சட்டம் போட்ட மரத்தைப் பற்றி மன்னிப்புக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஐந்து தாள்களையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "தாத்தாவுக்குத் தம்பி இருந்தான் என்று யாரும் சொல்லவே இல்லை" என்றார். ரொம்ப நேரம் கழித்து, வேறு ஏதோ பேசுவது போல ஆரம்பித்தார். "சின்ன வயதில் யாராவது செத்துப்போனால் எல்லோரும் கல்லறைக்குள் போவோம். தாத்தா மட்டும் வரமாட்டார். மழை பெய்தாலும் வெளியே ரோட்டில் நிற்பார். சாவைக் கண்டு பயப்படுகிறார் என்று அம்மா சொல்வாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்." கோஹென் நெருங்கிய குடும்பத்தாருக்குத் தவிர வேறு எந்தப் பிணத்தின் அருகிலும் போகக்கூடாது, கல்லறைக்குள் நுழையக்கூடாது. அறுபது வருடம் கழித்து, ரோட்டில் நின்ற அந்த மனிதர் அவருக்குப் புரிந்தார்.

சட்டத்திலிருந்து மரத்தை எடுத்துவிட்டு, அதே சட்டத்தில் 1888-ஆம் வருடப் பக்கத்தின் பிரதியை அவரே வைத்தார். வெறுமையாக இருந்த தகப்பன் கட்டம் தெரியும்படி.

போன இலையுதிர்காலத்தில் எல்லோருமாகக் குயின்ஸ் போனோம். மகள் வீட்டுத் தோட்டத்திலிருந்து ஏழு கூழாங்கல் பொறுக்கி வந்திருந்தாள், பூவுக்குப் பதில் கல் வைப்பதுதான் அவர்கள் வழக்கம். வாசல் வரை வந்த மாமா கதவுக்கு வெளியே நின்றுவிட்டார். ஜெபாலயத்துக்கே வருடத்துக்கு ஒருமுறை போகிறவர். "நீங்கள் போய்விட்டு வாருங்கள்" என்று மகளின் கையில் இன்னொரு கல்லை வைத்தார். "இது என்னுடையது என்று சொல்."